புதுச்சேரி டவுன் பஸ்ஸுக்கும் உள்ளாட்சித் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்?

பாகூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புதுச்சேரியில் எதை எடுத்தாலும் உள்ளாட்சித் தேர்தல் நடத்தவில்லை என்கிறீர்கள். தேர்தல் நடந்தால் எங்க ஊர் பஸ் நேரத்துக்கு வந்துவிடுமா? அம்மாவை ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் அரை நாள் ரோட்டிலேயே போய்விடுகிறது. நாலு புது பஸ் வாங்கினால் தீர்கிற விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு பேச்சு?"

நியாயமான கேள்வி. நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர்தல் மட்டும் நடந்தால் உங்கள் பஸ் நேரத்துக்கு வராது. புது பஸ் மட்டும் வாங்கினாலும் வராது. எந்தத் தடத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று முடிவு செய்யும் அதிகாரமும், அது வராவிட்டால் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் வரும். புதுச்சேரியில் இன்றைக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. அந்த இடத்தை உருவாக்குவதைத்தான் நான் உள்ளாட்சிச் சீர்திருத்தம் என்கிறேன். தேர்தல் அதில் முதல் படி.

பஸ் விஷயத்திலிருந்தே தொடங்குவோம். பஸ் போதவில்லை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இடைவெளிக் கோளாறு. ஒரு தடத்தில் மணிக்கு ஆறு பஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், நீங்கள் எப்போது நிறுத்தத்துக்கு வந்தாலும் சராசரியாக 5 நிமிடம் காத்திருந்தால் போதும். அதே ஆறு பஸ்ஸும் மூன்று மூன்றாகச் சேர்ந்துகொண்டு அரை மணிக்கு ஒரு தடவை வந்தால், சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். பஸ் எண்ணிக்கை மாறவில்லை, டீசல் செலவு மாறவில்லை, காத்திருப்பு மட்டும் மூன்று மடங்கு. மூன்றில் முதல் பஸ்ஸில் ஆள் தொங்குகிறார்கள், மூன்றாவது பஸ் காலியாகப் போகிறது. வெளியூர்க்காரர் படிக்கட்டில் தொங்குகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு இந்த ஊருக்கு இன்னும் பஸ் வேண்டும் என்பார். அந்த மூன்றாவது பஸ் அவர் கண்ணில் படாது.

ஏன் சேர்ந்து வருகின்றன? புதுச்சேரியில் நகர, கிராமத் தடங்களில் தனியார் பஸ்தான் முக்கிய வாகனம். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அன்றைய பேட்டா கலெக்‌ஷனைப் பொறுத்தது. முன்னால் போகிறவர் ரெண்டு நிமிடம் தாமதித்து நின்றால், பின்னால் வருகிறவருக்குச் சேர வேண்டிய ஆட்கள் இவர் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். பின்னால் வருகிறவர் அதைப் பிடிக்க விரட்டுகிறார். மாலை ஐந்தரை மணிக்கு ராஜீவ் காந்தி சதுக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகிற பஸ்ஸுக்காக நின்று பாருங்கள். முதல் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே சாலை நடுவிலேயே நிற்கும். கண்டக்டர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக ஊர் பெயர்களைக் கூவிக்கொண்டிருப்பார். டிரைவரின் கண் ரோட்டில் இருக்காது, பக்கக் கண்ணாடியில் இருக்கும். பின்னால் வருவது தெரிந்தபிறகுதான் கியர் விழும். அதற்குள் ரெண்டு டெம்போ (ஆள் ஏற்றும் பெரிய ஆட்டோ) முன்னால் நுழைந்து நிற்கும். பின்னாலிருந்து வந்தவர் வலது பக்கமாக முந்துவார், அவருக்காக ஓடுகிறவர்கள் வண்டிகளுக்கு நடுவில் ஓடுவார்கள். கைக்குழந்தையோடு இருப்பவரும் வயதானவரும் ரெண்டு பஸ்ஸையும் விட்டுவிட்டு அங்கேயே நிற்பார்கள்.

இதில் அந்த டிரைவரையோ கண்டக்டரையோ முதலாளியையோ குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனமில்லை. ஊரை இத்தனை வருஷமாகச் சுமந்து கொண்டிருப்பவர்கள் அவர்கள். ஆளை ஏற்றினால்தான் சம்பளம் என்று வைத்துவிட்டு, ஆளுக்காக ஓடாதே என்றால் எப்படி? சம்பளம் கிடைக்கும் வழியை மாற்றினால் ஓட்டம் மாறும். அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அதே நிறுத்தத்தில் நின்றுகொண்டு, இங்கே எது யாருடைய வேலை என்று பாருங்கள். நிழற்குடை நகராட்சியுடையது, சில இடங்களில் சட்டமன்ற உறுப்பினர் நிதியில் வந்தது. சாலை பொதுப்பணித் துறையுடையது. நிறுத்தத்தின் முன் ஆட்டோவும் டெம்போவும் நிற்காமல் பார்ப்பது போக்குவரத்துக் காவல். நடைபாதைக் கடையை ஒழுங்குபடுத்துவது மறுபடியும் நகராட்சி. தடம், பெர்மிட், நேரம் போக்குவரத்துத் துறை. அரசு பஸ் பி.ஆர்.டி.சி. என்ற புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகம். நகருக்கு வெளியே புதிது புதிதாக மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தருவது நகர அமைப்புக் குழுமம். அந்த மனைகளில் குடியேறுகிறவர்கள் எந்த பஸ்ஸில் ஊருக்குள் வருவார்கள் என்பது அந்த அனுமதிக் கோப்பில் எங்கும் இருப்பதில்லை. 2017இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் புதுச்சேரி சேர்ந்ததும் அதற்கென்று ஒரு தனி நிறுவனம் வேறு வந்தது. ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகவே செய்தாலும் பஸ் நேரத்துக்கு வராது. நேரத்துக்கு வர வேண்டும் என்பது யாருடைய பங்கிலும் இல்லை.

இந்தப் பிளவு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வைத்தது. நகரத் திட்டமிடல் அதில் இருக்கிறது, சாலையும் பாலமும் இருக்கின்றன. பதினேழாவது இனத்தில் தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பொதுக்கழிப்பிடம் இவற்றோடு பஸ் நிறுத்தமும் இருக்கிறது. பஸ் இல்லை. நிறுத்தம் நகராட்சிக்கு, அங்கே வந்து நிற்க வேண்டிய பஸ் மாநில அரசுக்கு என்று நாட்டில் பெரும்பாலான ஊர்களில் இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. புதுச்சேரியில் இன்னொரு குறையும் சேர்ந்துகொள்கிறது. நிறுத்தத்துக்குப் பொறுப்பான நகராட்சியிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் 1880லேயே ஆணை போட்டு நகரசபைகளை ஏற்படுத்திய ஊர் இது. கொம்யூன் என்ற பிரெஞ்சு உள்ளாட்சிப் பெயர் இன்றைக்கும் நம் பஞ்சாயத்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் 1968க்குப் பிறகு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 38 வருஷம் கழித்து 2006இல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிப்பு வந்து, இடஒதுக்கீடு, வார்டு சுழற்சி வழக்குகளில் நின்றுபோனது. இடையில் 2014இல் இடிந்து விழுந்த, பழைய நகராட்சி அலுவலகமான கடற்கரை மேரி கட்டடத்தைப் பழைய அழகோடு மீண்டும் எழுப்பி 2021இல் திறந்தார்கள். நகராட்சி மன்றம் மட்டும் திரும்பவில்லை. ஐந்து நகராட்சிகளும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் ஆணையர்களின் கையில் இருக்கின்றன. ஆணையர்களில் நல்லவர்களையும் உழைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவருக்கு மேலே இருப்பது உள்ளாட்சித் துறை, உங்கள் தெரு அல்ல. அடுத்த மாறுதல் உத்தரவு வந்தால் அவர் போய்விடுவார்.

"எங்களுக்கு எம்.எல்.ஏ. இருக்கிறாரே, கவுன்சிலர் வேலையையும் அவர்தானே பார்க்கிறார்" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2011 கணக்கெடுப்பில் யூனியன் பிரதேசத்தின் மொத்த மக்கள்தொகை 12,47,953. அதற்கு 30 தொகுதிகள். தமிழ்நாட்டுத் தொகுதியோடு ஒப்பிட்டால் நம்முடையது மிகச் சிறியது. வாய்க்கால் அடைப்பு, தெருவிளக்கு, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் எம்.எல்.ஏ. வந்து நிற்கிறார். அதனாலேயே வார்டில் இன்னொரு தலைவர் முளைப்பதை எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வும் அவசரமாக விரும்புவதில்லை. இத்தனை வருஷத் தாமதத்துக்கு வழக்குகளைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. சரி, பஸ்ஸுக்கு வருவோம். எம்.எல்.ஏ.வால் தன் தொகுதியில் ஒரு நிழற்குடை கட்ட முடியும், ஒரு பஸ்ஸைத் தன் ஊர் வழியாகத் திருப்பிவிடச் சொல்ல முடியும். பாகூரிலிருந்து கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முதலியார்பேட்டை என்று வந்து ஜிப்மர் இருக்கிற கோரிமேடு வரை போகும் பயணம் எத்தனையோ தொகுதிகளைத் தாண்டுகிறது. ஒவ்வொருவரும் தன் ஊருக்காக ஒரு திருப்பம் கேட்டால், பஸ் எல்லா ஊருக்கும் போகும், எந்த ஊருக்கும் நேரத்துக்குப் போகாது. முழுத் தடத்தையும் ஒன்றாகப் பார்க்கிற அவை வேண்டும்.

தேர்தல் நடந்தால் மட்டும் போதாது என்று சொன்னேன் அல்லவா, அதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. கடலூர் 2021இல் மாநகராட்சி ஆனது. 2022 பிப்ரவரியில் 45 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்து, மேயரும் மன்றமும் வந்தார்கள். ஆனால் மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகருக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதை அந்த மன்றம் முடிவு செய்வதில்லை. அரசு பஸ்ஸை நடத்துவது விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகம். தனியார் பெர்மிட் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம். புதிய பஸ் நிலையம் எங்கே வர வேண்டும் என்று கடலூர்க்காரர்கள் காரசாரமாக விவாதிக்க முடிகிறது, அந்த நிலையத்திலிருந்து கிளம்பும் பஸ்ஸைப் பற்றி அவர்களின் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. ஆக, கடலூரில் மன்றம் இருக்கிறது, அதிகாரம் இல்லை. நமக்கு ரெண்டும் இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? என் யோசனை இது. புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி, அவற்றோடு அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூன்கள், எல்லாம் சேர்ந்து பஸ்ஸுக்கென்று ஒரே அமைப்பு. 2011 கணக்குப்படி உழவர்கரையில் 3,00,104 பேர், புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேர். வெளியூர்க்காரருக்கு உழவர்கரை என்று ஒரு நகராட்சி இருப்பதே தெரியாது, ஆனால் மக்கள்தொகையில் அதுதான் பெரியது. எல்லை எங்கே என்று உள்ளூர்க்காரரே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். காலையில் ஒரு நகராட்சியில் எழுந்து இன்னொன்றில் வேலை பார்த்துத் திரும்புகிறார்கள். பஸ்ஸை மட்டும் ரெண்டாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. புனேயும் பிம்ப்ரி சிஞ்ச்வடும் தனித்தனி மாநகராட்சிகள், தனித்தனியாக பஸ் ஓட்டின. 2007இல் ரெண்டையும் இணைத்து ஒரே போக்குவரத்து நிறுவனமாக்கினார்கள். ரெண்டு மாநகராட்சிகளும் அதன் பங்குதாரர்கள். இந்தூரில் 2005இல் மாநகராட்சியும் நகர வளர்ச்சி ஆணையமும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கின; பஸ் தனியாருடையது, தடமும் நேரமும் தரமும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில். புவனேஸ்வரில் 2018 நவம்பரில் 'மோ பஸ்' தொடங்கியபோது, புவனேஸ்வர், கட்டாக், புரி வட்டாரம் முழுவதையும் ஒரே அமைப்பின்கீழ் வைத்தார்கள். புனேயில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், அங்கே நஷ்டமும் சண்டையும் நிறைய. ஆனால் பஸ் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்பது அங்கே தெரிந்த விஷயம்.

அந்த அமைப்பு முதலில் கைவைக்க வேண்டியது பணம் கொடுக்கும் முறையில். இன்றைக்குத் தனியார் பஸ்காரர் டிக்கெட் பணத்தை எடுத்துக்கொள்கிறார், லாப நஷ்டம் அவருடையது. இதற்குப் பதிலாக, டிக்கெட் பணம் முழுவதும் பொது அமைப்புக்குப் போகட்டும். பஸ்காரருக்கு ஓட்டிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தப்படி கொடுக்கட்டும். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அவருக்குக் காசு உண்டு. நேரத்துக்கு வந்தால் முழுக் காசு. நிறுத்தத்தில் நிற்காமல் போனால், நடையை வெட்டினால், முந்திக்கொண்டு வந்தால் பிடித்தம். பின்னால் வருகிற பஸ்ஸை முந்தவிடாமல் ஓட்டுவதில் அப்போது யாருக்கும் ஆதாயம் இல்லை. மாலை நேர விரட்டல் தானாக நிற்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆள் குறைவு என்று கடைசி நடையை விட்டுவிடுவதும் குறையும். திருபுவனை, சேதராப்பட்டு கம்பெனிகளில் ரெண்டாவது ஷிப்ட் முடிந்து வருகிற பெண்களுக்கு அந்தக் கடைசி நடைதான் எல்லாம்.

இந்த முறையில் ரெண்டு ஆபத்து உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். கிலோமீட்டருக்குத்தான் காசு என்றால் ஆளை ஏற்றாமலே ஓட்டத் தோன்றும். அதனால் ஜி.பி.எஸ். கண்காணிப்பும், ஏறிய ஆட்களைப் பொறுத்து ஒரு சிறு ஊக்கத்தொகையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ரெண்டாவது ஆபத்து அரசுப் பக்கத்திலிருந்து வரும். மாதாமாதம் வர வேண்டிய பணம் மூன்று மாதம் கோப்பில் உட்கார்ந்தால், ரெண்டு பஸ் வைத்திருக்கிற சின்ன முதலாளி வட்டிக்கு வாங்கி டீசல் போட வேண்டிவரும். நாலாவது மாதம் பஸ் நிற்கும். டிக்கெட் வசூல் கருவூலத்துக்குப் போகாமல் தனிக் கணக்கில் விழுந்து, அதிலிருந்து முதல் செலவாக பஸ்காரருக்குப் போக வேண்டும். இந்த ஒரு ஷரத்து இல்லாவிட்டால் தனியார் பஸ்காரர்கள் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், போடவும் கூடாது.

கிலோமீட்டர் கணக்கு ஏதோ வெளிநாட்டுக் கற்பனை இல்லை. மத்திய அரசு 2023 ஆகஸ்டில் அறிவித்த பி.எம். இ-பஸ் சேவா திட்டமே இந்த அடிப்படையில்தான் நிற்கிறது: 10,000 மின்சார பஸ்கள், பத்து வருஷத்துக்கு இயக்க உதவி, 12 மீட்டர் பஸ் என்றால் கிலோமீட்டருக்கு 24 ரூபாய். மின்சார பஸ் வரட்டும், நல்லது. ஆனால் நேர அட்டவணைக்குப் பொறுப்பாளி இல்லாத ஊரில் மின்சார பஸ்ஸும் டீசல் பஸ்ஸோடு சேர்ந்து அதே நெரிசலில் நிற்கும், புகை மட்டும் வராது.

டெம்போவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து சதுக்கங்களுக்கும் ஜிப்மருக்கும் டெம்போ இல்லாவிட்டால் ஊர் நின்றுவிடும். அதைத் துரத்துவது தவறு. பஸ்ஸோடு ஒரே தடத்தில் போட்டி போடாமல், பஸ் நுழையாத நகர்களிலிருந்து முக்கியச் சாலைக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை அதற்குக் கொடுக்கலாம். இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 67ஆம் பிரிவில் புதிதாக ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். கடைசி மைல் இணைப்பு, கிராமப் போக்குவரத்து, நெரிசல் குறைப்பு, நகரப் போக்குவரத்து மேம்பாடு ஆகியவற்றுக்காக, கொடுத்த பெர்மிட்டை மாற்றவும் புதிய திட்டங்கள் வகுக்கவும் மாநில அரசுக்கு அதில் அதிகாரம் இருக்கிறது. ஓர் அறிவிக்கை போதும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் எல்லை. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலம் இல்லை. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவில் சிதறிய துண்டுகள். ஊரிலிருந்து காலாப்பட்டில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமானால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு மண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். "ரெண்டு அரசு சம்பந்தப்பட்டது, ஒப்பந்தம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஆகும்" என்று ஒரு சாக்கு அடிக்கடி காதில் விழும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவு இதை முன்பே யோசித்து வைத்திருக்கிறது: தொடக்கமும் முடிவும் ஒரே மாநிலத்தில் இருந்து, நடுவில் இன்னொரு மாநிலத்துக்குள் போகும் தூரம் 16 கிலோமீட்டரைத் தாண்டாவிட்டால், பெர்மிட்டுக்கு அந்த மாநிலத்தின் மேலொப்பம், அதாவது அங்குள்ள ஆணையத்தின் கூடுதல் கையெழுத்து, தேவையில்லை. காலாப்பட்டுத் தடம் தாராளமாக இந்த வரம்புக்குள் வரும். கடலூர் தடம் வேறு கதை. அது ரெண்டு அரசும் பேசித் தீர்க்க வேண்டியது. புதிய அமைப்பில் கடலூர் மாநகராட்சிக்கும் கோட்டக்குப்பம் நகராட்சிக்கும் பேச ஒரு நாற்காலி போட்டால், 22 கிலோமீட்டர் தூரத்தில் தினமும் போய்வருகிறவர்களுக்காக யாராவது பேசுவார்கள்.

பணம் எங்கிருந்து வரும்? யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய நிதிக் குழுவின் வரையறைக்குள் நாம் இல்லை. மற்ற மாநில உள்ளாட்சிகளுக்கு அந்தக் குழு வழியாக வரும் மானியம் நம் நகராட்சிகளுக்கு வருவதில்லை. அதனால் உள்ளூர் வருமானம் வேண்டும். முதலில் நினைவுக்கு வருவது வாகன நிறுத்தக் கட்டணம். வார இறுதியில் வெளியூர்க் கார்கள் பழைய நகரான பூல்வார் பகுதியின் வீதி ஓரமெல்லாம் நிற்கின்றன. அந்தக் கட்டணத்தை ஒழுங்காக வசூலித்து பஸ்ஸுக்கென்று ஒதுக்கலாம். மாலையில் கடற்கரைச் சாலையை வாகனங்களுக்கு மூடுவதை ஊர் ஏற்றுக்கொண்டிருக்கிறது, இதையும் ஏற்கும். பிரான்சில் சொந்தக்காரர் உள்ள வீடுகளுக்கு இன்னொரு வழியும் தெரிந்திருக்கும்: அங்கே 1971இலிருந்து, முதலில் பாரிஸ் வட்டாரத்தில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனங்கள் சம்பளப் பட்டியலைப் பொறுத்து நகரப் போக்குவரத்துக்கு ஒரு வரி கட்டுகின்றன. ஊழியர் நேரத்துக்கு வந்தால் லாபம் நிறுவனத்துக்கும்தானே. இங்கே அதை அப்படியே வைக்க முடியாது, நம் ஊர் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் பேசிப் பார்க்கலாம்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இருக்கிற பஸ்ஸை வைத்தே கூடுதல் வேலை வாங்குவது எப்படி என்பது இதில்தான் இருக்கிறது. ஒரு தடத்தில் போய்வர 90 நிமிடம் ஆகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டும் என்றால் 9 பஸ் தேவை. சதுக்கங்களில் பஸ்ஸுக்கு முன்னுரிமை கொடுத்து, நிறுத்தங்களின் முன்னால் இடத்தைக் காலி செய்து, அதே தூரத்தை 70 நிமிடத்தில் முடித்தால் 7 பஸ் போதும். ரெண்டு பஸ் மிச்சம். அதை பாகூருக்கோ திருக்கனூருக்கோ விடலாம். ஒரு பைசா புது முதலீடு இல்லை. இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரை 400 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகும் மேம்பாலத்துக்கு 2025இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊரைத் தாண்டிப் போகிற வண்டிகளுக்கு அது உதவும். டவுன் பஸ் பாலத்தின் கீழேதான் ஓடும், பயணியும் கீழேதான் நிற்பார். கீழே காலியாகும் இடத்தில் பஸ்ஸுக்கு ஒரு தனிப் பாதையும் ஏறி இறங்க ஒழுங்கான நிறுத்தமும் வைக்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வாங்காவிட்டால், பாலம் கட்டி முடிந்ததும் அந்த இடம் வாகன நிறுத்துமிடமாகிவிடும். இதைக் கேட்க வேண்டியது நகராட்சி மன்றம். இல்லாத மன்றம் எப்படிக் கேட்கும்?

மன்றம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. போக்குவரத்துத் துறை நினைத்தால் ஒரே தடத்தில் தொடங்கிப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் உங்கள் தடத்தைத்தான் சொல்வேன்: பாகூரிலிருந்து பஸ் நிலையம் வழியாக ஜிப்மர் வரை, மாறி ஏறாமல் ஒரே பஸ். நோயாளிகளும் துணைக்கு வருகிறவர்களும் பஸ் நிலையத்தில் இறங்கி, பையையும் ரிப்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டி தேடுவது முதலில் நிற்கட்டும். ஆறு மாதம் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டிப் பார்த்து, வரவு செலவை வெளியிடட்டும்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 72ஆம் பிரிவுப்படி, பஸ் பெர்மிட்டோடு நிபந்தனைகள் விதிக்கலாம்: ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை நடை, அங்கீகரிக்கப்பட்ட நேர அட்டவணையை பஸ்ஸிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் ஒட்டுவது, அட்டவணையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது உள்பட. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போக்குவரத்துத் துறைக்கு விண்ணப்பம் போடுங்கள். பாகூர் தடத்தில் எத்தனை பெர்மிட், ஒவ்வொன்றுக்கும் அங்கீகரித்த நேரம் என்ன, எத்தனை நடை, என்னென்ன நிபந்தனைகள் என்று கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் உங்கள் நிறுத்தத்தில் ஒரு வாரம் நாலைந்து பேர் முறை வைத்து நின்று, உண்மையில் வருகிற நேரத்தைக் குறித்துப் பக்கத்தில் எழுதுங்கள். தாளில் ஓடுகிற பஸ்ஸுக்கும் ரோட்டில் ஓடுகிற பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் கையில் வந்துவிடும். அந்தத் தாளின் ஒரு பிரதி கொம்யூன் ஆணையருக்கு, ஒன்று போக்குவரத்து ஆணையருக்கு, ஒன்று உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு. உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வருகிற அன்றைக்கு, ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒன்று.